கத்தியதால் தோற்றார்களா? ஆஸ்திரேலியாவின் 2023 பொது வாக்கெடுப்பும் போராட்டத்தின் பண்பும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2023-இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கான ‘வாய்ஸ்’ அமைப்பு குறித்து நடந்த பொது வாக்கெடுப்பில் ‘ஆம்’ தரப்பு தோற்றதற்கு, அந்தத் தரப்பினர் எதிராளிகளை ‘இனவெறியர்கள்’ என்று திட்டித் தீர்த்ததே காரணம் என்கிறார் உங்கள் கணவர். பிரிட்டிஷார் குடியேறியதை நினைவுகூரும் தேசிய நாளான ஜனவரி 26 அன்று பூர்வகுடிகள் நடத்தும் எதிர்ப்பு ஊர்வலங்களுக்குப் போய்வரும் உங்கள் மகளோ, நிலத்தைப் பறிகொடுத்தவர்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசு என்பதே அநியாயம் என்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வசைமொழி தோல்விக்குக் காரணமா என்பது சான்றுகளைக் கொண்டு பேசவேண்டிய ஒன்று. தங்கள் உரிமையைப் பிறர் வாக்களித்துத் தீர்மானிக்கும்போது அந்த மக்கள் எப்படிப் பேசவேண்டும் என்பது அவரவர் நியாய உணர்வைச் சேர்ந்தது. நான் இந்நாட்டின் அரசியலமைப்பு வரலாற்றைப் பல ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன். தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் தற்காலிக அலுவலராகவும் பணியாற்றியிருக்கிறேன். முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் நான் சொல்வது என் கருத்து மட்டுமே.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 2023 அக்டோபர் 14 அன்று, அபாரிஜினல் மக்களையும் டாரஸ் நீரிணைத் தீவு மக்களையும் இந்நாட்டின் முதற்குடிகளாக அங்கீகரித்து, அவர்களைப் பாதிக்கும் விஷயங்களில் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் கருத்துரை வழங்கும் ஓர் அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. அந்த அமைப்புக்குச் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரமோ நிதியைப் பங்கிடும் அதிகாரமோ முன்மொழியப்படவில்லை. 60 விழுக்காட்டுக்குச் சற்றே அதிகமானோர் ‘இல்லை’ என்றார்கள். 40 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவானோர் ‘ஆம்’ என்றார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி. கான்பெராவை உள்ளடக்கிய தலைநகர்ப் பகுதியில் மட்டும் சுமார் 61 விழுக்காட்டு ஆதரவு. இங்கே அரசியலமைப்பைத் திருத்தவேண்டுமானால் நாடு முழுவதிலும் பெரும்பான்மை வேண்டும். அதோடு ஆறில் நான்கு மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். அதற்கு முன் நடந்த 44 வாக்கெடுப்புகளில் வென்றவை எட்டே எட்டு. கடைசியாக வென்றது 1977-இல்.

இனி உங்கள் கணவரின் வாதம். ‘ஆம்’ தரப்பின் வசைமொழிக்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படும் இரண்டு நிகழ்வுகளும் 2023 செப்டம்பரில் நடந்தவை. ஒன்று, ‘ஆம்’ தரப்பின் பூர்வகுடித் தலைவர்களில் ஒருவரான பேராசிரியர் மார்ஷியா லாங்டன் மேற்கு ஆஸ்திரேலியாவின் பன்பரி நகரில் ஆற்றிய உரை. மற்றொன்று, அடிலெய்டில் ‘இல்லை’ தரப்புக் கூட்டத்துக்கு வந்தவர்களை வாசலில் நின்ற ஒரு சிறு கூட்டம் ‘இனவெறியர்கள்’ என்று ஏசியது. ஆனால் ஆதரவு சரிந்த காலவரிசையைப் பாருங்கள். 2022 இறுதியில் பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் ஆதரவு 60 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. அந்த நவம்பரில் லிபரல் கட்சியின் கூட்டாளியான தேசியக் கட்சி எதிர்ப்பதாக அறிவித்தது. 2023 ஏப்ரலில் பீட்டர் டட்டன் தலைமையில் முதன்மை எதிர்க்கட்சியாக இருந்த லிபரல் கட்சியும் எதிர்ப்பதென முடிவெடுத்தது. அடுத்த ஜூன், ஜூலை மாதங்களுக்குள் பல கணிப்புகளில் ஆதரவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. செப்டம்பரில் யாரும் யாரையும் ஏசாமல் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று நம்ப இடமில்லை. இரு பெருங்கட்சிகளின் ஆதரவு இல்லாமல் இந்நாட்டில் எந்த வாக்கெடுப்பும் வென்றதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தோல்வியின் வேர் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

இந்த அளவுக்கு உறுதி. ஊசலாடிக்கொண்டிருந்த சிலரை அந்தப் பேச்சுகள் ‘இல்லை’ பக்கம் தள்ளியிருக்கலாம் என்பது மறுக்க முடியாதது. எத்தனை பேரை என்று அளக்கவும் முடியாதது. வாக்களித்த காரணத்தைப் பின்னாளில் சொல்லும்போது மனிதர்கள் தங்கள் காதுக்கு நன்றாகப்படும் காரணத்தையே சொல்வார்கள் என்பதால், ‘என்னைத் திட்டினார்கள், அதனால் மாற்றிப் போட்டேன்’ என்ற வாக்குமூலங்களை நான் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வாக்கெடுப்புக்குப் பின் நடத்திய ஆய்வில், ‘இல்லை’ என்றவர்களிடம் மேலோங்கியிருந்த காரணம் இது நாட்டைப் பிளவுபடுத்தும் என்ற அச்சம்தான். அதே ஆய்வில், பூர்வகுடிகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களுக்குச் சொல்லுரிமை வேண்டும் என்று 87 விழுக்காட்டினர் கருதினார்கள். ‘இல்லை’ என்று வாக்களித்தவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் மூவர் அப்படிக் கருதினார்கள். ஆகவே ‘இல்லை’ என்று எழுதிய ஒவ்வொருவரும் பூர்வகுடிகளை வெறுப்பவர் என்ற முடிவுக்கும் சான்று இல்லை. உங்கள் மகளின் தோழர்கள் யாரேனும் அப்படிச் சொன்னால், இந்த எண்களை அவர்கள் முன் வைக்கலாம்.

பன்பரி உரையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். எதிர்த் தரப்பின் வாதங்களைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இனவெறியோ வெறும் முட்டாள்தனமோ மிஞ்சுகிறது என்பதுதான் லாங்டன் சொன்னதன் சாரம். அவர் பேசியது வாதங்களைப் பற்றி. மறுநாள்களில் வந்த தலைப்புச் செய்தியோ, ‘இல்லை’ என்று வாக்களிப்பவர்களை அவர் இனவெறியர்கள், முட்டாள்கள் என்று சொன்னதாகப் படிக்கும்படி இருந்தது. தாம் வாக்காளர்களைச் சொல்லவில்லை, பிரசாரத்தின் உத்திகளைச் சொன்னேன் என்று அவர் விளக்கினார்; அந்த விளக்கம் போய்ச் சேர்ந்தது சிலரிடம் மட்டுமே. அவர் சொன்னதில் உள்ள வேறுபாடு உண்மையானது, நேர்மையானது. ஆனால் வாக்குக் கேட்கும் மேடையில் அந்த வேறுபாடு தாக்குப்பிடிக்காது என்பதை ஒரு தேர்ந்த அரசியல் மனம் முன்னரே கணித்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. அடிலெய்டு வாசலில் நடந்ததற்கு இந்தச் சமாதானம்கூடக் கிடையாது. ஒரு கூட்டத்துக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறவரின் முகத்துக்கு நேரே வசைபாடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன். அதை ‘ஆம்’ இயக்கத்தின் தலைவர்கள் ஏவவில்லை. ஆனால் அதன் விலையை அவர்கள்தாம் கொடுத்தார்கள்.

எனினும், பண்பற்ற செயல் என்றதும் நம் நினைவுக்கு உரத்த குரல் மட்டுமே வருவது ஏன் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 ஜூலையில் ஒரு தேசிய வணிக நாளிதழில் ‘இல்லை’ தரப்பின் அட்வான்ஸ் அமைப்பு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. ‘ஆம்’ தரப்பின் முன்னணிப் பேச்சாளரான தாமஸ் மாயோ அதில் கேலிச்சித்திரமாகச் சிறுமைப்படுத்தப்பட்டிருந்தார். லிபரல் கட்சிக்குள்ளிருந்தே அதை இனவெறிச் சித்திரம் என்று கண்டித்தவர்கள் உண்டு. அதை வெளியிட்ட நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பக்கத்தில் யாரும் கத்தவில்லை. காசு கொடுத்து, வரைந்து, அச்சிட்டு, காலைக் காப்பியோடு வாசகர் கையில் கொடுத்தார்கள். வீடுதோறும் அனுப்பப்பட்ட அதிகாரபூர்வக் கையேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தரப்புக்கும் 2,000 சொற்கள் வரை. எழுதியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அதில் உள்ளவை உண்மையா என்று சரிபார்க்கும் பொறுப்பு தேர்தல் ஆணையத்துக்குச் சட்டப்படி இல்லை. கூட்டாட்சி அளவில் அரசியல் விளம்பரத்தில் பொய் சொல்வதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. ‘தெரியாவிட்டால் இல்லை என்று போடுங்கள்’ என்ற முழக்கத்தில் ஒரு சுடுசொல்கூட இல்லை. ஆனால் ஒரு குடிமகனிடம் தெரிந்துகொள்ளாதே என்று சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதையா என்று நான் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். தொனி மென்மையாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், பணமும் பத்திரிகையும் கையில் உள்ளவர் எப்போதும் பண்பாளராகவும், தெருவைத் தவிர வேறு மேடை இல்லாதவர் எப்போதும் முரடராகவும் தெரிவார்கள்.

வசை இரு திசையிலும் பாய்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘இல்லை’ தரப்பை முன்னின்று நடத்திய ஜசிண்டா நம்பிஜின்பா பிரைஸ், வாரன் மண்டீன் இருவருமே பூர்வகுடியினர். தங்கள் இனத்துக்குத் துரோகம் செய்தவர்கள் என்ற ஏச்சு இருவருக்கும் வந்தது. அது தம் மனநலத்தைப் பாதித்ததை மண்டீன் வெளிப்படையாகவே பேசினார். இன்னொரு பக்கம், பூர்வகுடியினரான செனட்டர் லிடியா தோர்ப்பைக் குறிவைத்து, முகமூடி அணிந்த ஒரு நியோ நாஜி அபாரிஜினல் கொடியை எரிக்கும் காணொளி வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு பரவியது. ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் மிகக் கொடிய அடி விழுந்தது பூர்வகுடியினர் மேல்தான்.

தோர்ப் பெயரைச் சொன்னதும் ஒரு திருத்தம். போராடியவர்கள் எல்லாரும் ‘ஆம்’ தரப்பு என்று உங்கள் வீட்டு வாதம் எடுத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. 2023 ஜனவரி 26 அன்று மெல்பர்னில் நடந்த ஊர்வலத்தில் ஒலித்த குரல்களில் முக்கியமானது, ‘வாய்ஸ்’ வேண்டாம், முதலில் அரசு பூர்வகுடிகளோடு உடன்படிக்கை செய்ய வேண்டும் என்பது. ‘வாய்ஸ்’ வேண்டும் என்று கேட்ட பிரகடனம் 2017-இல் உலூருவில் உருவான மாநாட்டிலிருந்தே சில பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்திருந்தார்கள். தோர்ப் அவர்களில் ஒருவர். எங்கள் இறையாண்மையை நாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை, குடியேறியவர்களின் அரசியலமைப்புக்குள் எங்களை ஏன் சேர்க்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். காவலில் பூர்வகுடியினருக்கு நேர்ந்த மரணங்களை விசாரித்த அரச ஆணையம் 1991-இல் கொடுத்த 339 பரிந்துரைகளில் பல இன்றும் நிறைவேறாதபோது, ஆலோசனை சொல்ல இன்னோர் அமைப்பு எதற்கு என்றும் கேட்டார்கள். நான் இந்த முடிவை ஏற்கவில்லை. ஆனால் அது விளையாட்டாகச் சொன்ன வாதம் அல்ல. உங்கள் மகள் அந்த ஊர்வலத்தில் கேட்டு வந்தது இதுவாகவும் இருக்கலாம். அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

பண்போடு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்பவர்களுக்கு இந்நாட்டின் வரலாறு ஒரு நீண்ட பதில் வைத்திருக்கிறது. 1930-களில் வில்லியம் கூப்பர் என்ற யோர்ட்டா யோர்ட்டா இனத்து முதியவர், அரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, 1,800-க்கும் மேற்பட்ட பூர்வகுடியினரிடம் கையெழுத்து வாங்கினார். அதில் கேட்டவற்றில் ஒன்று, நாடாளுமன்றத்தில் தங்களுக்கென ஒரு பிரதிநிதி. மிகப் பணிவான மொழி. அதை அரசருக்கு அனுப்பவேண்டியதில்லை என்று 1938-இல் மத்திய அமைச்சரவை முடிவுசெய்தது. அதே ஆண்டு ஜனவரி 26 அன்று சிட்னியில் ‘துக்க நாள்’ கூட்டம் நடத்தியவர்கள் கோட்டும் டையும் அணிந்து வந்து, தீர்மானம் நிறைவேற்றி, பின்னர் பிரதமர் லயன்ஸை நேரில் சந்தித்தும் முறையிட்டார்கள். 1963-இல் வட எல்லை (நார்தர்ன் டெரிட்டரி) ஆட்சிப்பகுதியில் யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்கள், பாக்சைட் சுரங்கத்துக்குத் தங்கள் நிலம் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, மரப்பட்டையில் ஓவியம் தீட்டி இரு மொழிகளில் விண்ணப்பம் அனுப்பினார்கள். நாடாளுமன்றம் குழு அமைத்தது, சுரங்கம் நிற்கவில்லை. 1972 ஜனவரி 26 அன்று நான்கு பூர்வகுடி இளைஞர்கள் கான்பெராவில் நாடாளுமன்றத்தின் எதிரே புல்வெளியில் ஒரு கடற்கரைக் குடையை ஊன்றி அதைத் தூதரகம் என்று அழைத்தபோதுதான், நில உரிமை அந்த ஆண்டு அரசியலின் நடுவுக்கு வந்தது. கூப்பருக்கு மறுக்கப்பட்டதற்கும் 2023-இல் கேட்கப்பட்டதற்கும் இடையே 85 ஆண்டுகள் உண்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், உங்கள் மகளின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

இதற்கு மறுப்பாக 1967-ஐக் காட்டுவார்கள். பூர்வகுடிகள் தொடர்பான இரு பிரிவுகளை மாற்றிய அந்த வாக்கெடுப்பில் 90.77 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றார்கள். சண்டை சச்சரவு இல்லை. உண்மைதான். ஆனால் அன்று நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர் யாரும் இல்லாததால், ‘இல்லை’ தரப்பு வாதம் என்று ஒன்று அச்சிடப்படவே இல்லை. அதே நாளில் அதே வாக்காளர்களிடம் நாடாளுமன்ற அவைகளின் அளவு பற்றி இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. அதற்கு இரு பெருங்கட்சிகளின் ஆதரவு இருந்தும், சிலர் எதிர்த்துப் பிரசாரம் செய்ததால் 40 விழுக்காட்டைத் தொட்டு நின்றுபோனது. 1967-இன் அமைதிக்கு அன்றைய மனிதர்களின் குணம் காரணம் என்று சொல்வதைவிட, எதிர்ப்பதில் எவருக்கும் அன்று அரசியல் லாபம் இருக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

இரண்டாவது கேள்வியில் என் கருத்துக்கு வருகிறேன். அரசை எதிர்த்து நடத்தும் போராட்டமும் வாக்கெடுப்புக் காலத்துப் போராட்டமும் ஒன்றல்ல என்பதே நான் இத்தனை காலம் படித்ததிலிருந்து வந்தடைந்த முடிவு. அரசுக்கு நெருக்கடி கொடுக்கலாம். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். வாக்காளருக்கு நெருக்கடி கொடுக்க முடியாது. அவர் மடக்கிய அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாகப் பென்சிலைப் பிடித்து, ஒரே கட்டத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போகிறார். அங்கே செல்லுபடியாவது அவர் மனம் இணங்குவது மட்டுமே. 1972-இல் அந்தக் குடையோடு தொடங்கிய கூடாரத் தூதரகத்துக்கு உதவிய உரத்த உத்தி இங்கே உதவாமல் போவது அதனால்தான். ஆனால் மென்மையும் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. செப்டம்பர் 17 அன்று பல நகரங்களில் பல்லாயிரக்கணக்கானோர், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, ‘ஆம்’ என்று நடந்துபோனார்கள். அதைவிட அமைதியான ஊர்வலத்தை நினைத்துப் பார்ப்பது கடினம். கணிப்புகள் அசையவில்லை.

வாக்குச்சாவடியில் நான் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். நுழைவாயிலிலிருந்து ஆறு மீட்டருக்குள் யாரும் வாக்குக் கேட்கக்கூடாது என்பது சட்டம். அந்த எல்லைக்கு வெளியே இரு தரப்புத் தொண்டர்களும் அருகருகே நின்று துண்டறிக்கை கொடுத்தார்கள். வெயில் ஏற ஏற ஒரே நிழலுக்கு நகர்ந்தார்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மற்றவர் அவருடைய பையைப் பார்த்துக்கொண்டார். உள்ளே இருக்கும் எங்களுக்கு நடுநிலை கட்டாயம். கேள்வியின் பொருள் என்ன என்று ஒரு முதியவர் கேட்டாலும், ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்பதைத் தாண்டிச் சொல்லக்கூடாது. அன்று வெளியே பூர்வகுடிப் பெண் ஒருவர் ‘ஆம்’ துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்க மறுத்தவர்களில் பெரும்பாலோர் மிக மரியாதையாகவே ‘வேண்டாம், நன்றி’ என்றார்கள். சிலர் நின்று, தாங்கள் ஏன் எதிர்க்கிறோம் என்று புன்னகையோடு விளக்கமும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒரு முறைதான் சொன்னார்கள். அவர் காலையிலிருந்து மாலைவரை கேட்டார், ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே. மக்கள்தொகையில் ஏறக்குறைய 3.8 விழுக்காடாக இருப்பவர்கள் மற்ற 96 விழுக்காட்டினரிடம் தங்கள் இடத்தைக் கேட்டு நிற்கும்போது, பண்பின் சுமை இரு பக்கமும் சமமாக விழுவதில்லை. இதை மறந்துவிட்டு இரு தரப்பும் மரியாதையாக நடக்கட்டும் என்று மட்டும் சொல்வதை நான் நியாயமாக ஏற்கமுடியவில்லை. வசைபாடுவது தவறு, பொய்யைப் பரப்புவது அதைவிடப் பெரிய தவறு, கோபத்தை வெளிக்காட்டுவது தவறே அல்ல. மகளிடம் நீங்கள் எதையாவது கேட்டுக்கொள்வதாக இருந்தால், எதிரே நிற்கும் தனி மனிதரை ஏசாதே என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழர் உட்படப் புலம்பெயர்ந்தோர் செறிந்து வாழும் மேற்கு சிட்னித் தொகுதிகளில் பெரும்பாலானவை ‘இல்லை’ என்றே சொல்லின. தமிழர் எப்படி வாக்களித்தார்கள் என்று தொகுதி முடிவிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே எவரையும் குறை சொல்லவோ புகழவோ அந்த எண் உதவாது. ஆனால் நிலமும் மொழியும் பறிபோவது பற்றி வீட்டில் ஓயாமல் பேசும் ஒரு சமூகம், தான் வந்து குடியேறிய மண்ணின் மூத்தவர்கள் அதையே பேசும்போது முதலில் அவர்கள் குரலின் அளவைக் கவனிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

முடிவு வந்த இரவு, ‘ஆம்’ தரப்பின் பூர்வகுடித் தலைவர்கள் ஒரு வாரம் மௌனம் காப்பதாக அறிவித்துக் கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். வட எல்லையின் தொலைதூரச் சமூகங்களில் ‘ஆம்’ வாக்கு மிக உயர்ந்திருந்தது. வாடேயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். அந்த மௌனத்துக்குப் பின் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு திசையில் போனது. குயின்ஸ்லாந்தில் 2023 மே மாதம் எதிர்க்கட்சியின் ஆதரவோடு நிறைவேறிய உடன்படிக்கைச் சட்டத்துக்கு, வாக்கெடுப்பு தோற்ற சில நாட்களில் அக்கட்சி ஆதரவைத் திரும்பப் பெற்றது. 2024-இல் ஆட்சிக்கு வந்ததும் சட்டத்தையே நீக்கியது. தெற்கு ஆஸ்திரேலியா தன் சொந்தச் சட்டத்தின்படி 2024 மார்ச்சில் பூர்வகுடிகளின் ‘வாய்ஸ்’ அமைப்புக்குத் தேர்தல் நடத்தியது. உங்கள் விக்டோரியாவில் 2025-இல் உடன்படிக்கைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று, மெல்பர்னில் போர்வீரர் நினைவு நாளின் விடியற்காலை நிகழ்ச்சியில், பூர்வகுடி மூத்தவர் ஒருவர் வரவேற்புரை சொல்லும்போது கூச்சலிட்டு இடைமறித்தார்கள். அவர்களில் நியோ நாஜிகள் இருந்தார்கள். அங்கே திரண்டிருந்த மற்றவர்கள் கைதட்டி அந்தக் கூச்சலை அமுக்க, அவர் தம் உரையை முடித்தார்.